பங்களா சோபாவில் ஒரு வல்லுநர்

தீத்தடுப்பு ஆலோசனைக் குழு ஒன்றில் நான் தொழில்நுட்ப வல்லுநராக இருந்திருக்கிறேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஏனென்றால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போகிறவள் நான். எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் மின்சார அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த புதிதில் நடந்தது அது.

அப்போது மலையில் எங்கே தீப்பிடித்தாலும் சேலத்திலிருந்துதான் வண்டி வர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி அது மேலே வந்து சேர்வதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். அதனால் மலைக்கென்று ஒரு குழு போட்டு, எங்கே தண்ணீர்த் தொட்டி கட்டலாம், எந்தப் பாதையில் வண்டி நுழையும், எதில் நுழையாது என்றெல்லாம் எழுதித் தரச் சொன்னார்கள். குழுவில் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். ஃப்யூஸ் போடுவதும், காற்றில் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவதும், சில்வர் ஓக் கிளை விழுந்து அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவதும் தெரிந்த என்னைத் தீ விஷயத்தில் வல்லுநர் ஆக்கிவிட்டார்கள்.

என் பெயரைச் சொன்னவர் குழுவின் தலைவர். பெரிய காபி எஸ்டேட்டின் முதலாளி. மலையில் எல்லோருக்கும் அவர் 'தொரை'. தமிழர்தான். வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன பங்களாவோடு அந்தப் பெயரும் அவருக்குச் சேர்ந்து வந்திருந்தது. அவர் என்னைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் அவருடைய எஸ்டேட்டில் பிறந்தவள். என் அப்பா அவருடைய பங்களாவில் பட்லர்.

கூட்டம் பங்களாவில்தான் நடக்கும் என்று தெரிந்ததும் போகாமல் தப்பிக்க வழி உண்டா என்று பார்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டபோதெல்லாம் 'எஸ்டேட் உத்தியோகம்' என்று சொல்லி வளர்ந்தவள் நான். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்தப் பங்களாவுக்குப் பின்வாசல் வழியாக மட்டுமே போயிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிக்கொண்டு அதே வழியாகத் திரும்பியிருக்கிறேன். இப்போது முன்வாசல் வழியாகப் போய் சோபாவில் உட்கார வேண்டும். அப்பா காபித் தட்டோடு வருவார். அதை நினைத்து நினைத்தே அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

நினைத்ததைவிட மோசமாகவே நடந்தது. தொரை என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

"இவங்க நம்ம எஸ்டேட் பொண்ணு. நம்ம பட்லர் மக. லைன் வீட்டுல மண்ணெண்ணெய் விளக்குல படிச்சு எஞ்சினியர் ஆனவங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஏற்காட்டின் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருவர் குழுவில் இருந்தார். திரைச்சீலை ஓரம் நின்ற அப்பாவை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "அப்பிடிங்களா, நொம்ப சந்தோசமுங்க" என்றார். பக்கத்தில் இருந்த செம்மநத்தம் விவசாயி தலையை ஆட்டினார். அப்பா சிரித்தபடி நின்றார் என்று நினைக்கிறேன். நான் அவரைப் பார்க்கவில்லை, கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் கூசிப்போனேன். கூசியதை நினைத்து மறுபடியும் கூசினேன்.

அப்பாவின் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பங்களா ஹாலில் உட்கார்ந்துவிட்டவர் யாராக இருந்தாலும் விருந்தாளி. விருந்தாளி யார், எந்த ஊர், தனக்கு என்ன உறவு என்பதெல்லாம் பட்லருக்குத் தெரியவே கூடாது. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டில் என் முன் குனிந்து, "மேடம், சர்க்கரை போடலாமுங்களா?" என்று கேட்டார். எனக்கு எத்தனை கரண்டி என்று அவருக்குத் தெரியாதா என்ன. நான் தலையை அசைத்தேன். போடு என்றா, வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சரியாகப் போட்டுக் கொடுத்தார்.

முதல் கூட்டம் காபியிலும் பிஸ்கட்டிலும் முடிந்தது. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தால் எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்று நான் ஏதோ பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வல்லுநர் பேசும்போது தலையாட்ட வேண்டும் என்பதும் விதியில் இருக்கும் போல. கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்னிடம் ஒன்று இருந்தது. அதைச் சொல்வதற்குப் பொறியியல் படிப்பு தேவையே இல்லை.

அதற்கு முந்திய வருடம், பங்குனி வெயிலில், எங்கள் லைனில் தீப்பிடித்தது. லைன் என்றால் எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடுகள், மண் சுவரும் புல் கூரையுமாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. அப்பா பட்லரானாலும் எங்கள் வீடும் அதில்தான். சமைத்துவிட்டு அணைக்காமல் விட்ட அடுப்பிலிருந்து ஒரு கூரையில் பற்றிக்கொண்டது. ஒண்டிக்கடைக்கு ஆள் ஓடி, போன் போட்டு, சேலத்திலிருந்து வண்டி கிளம்பியது. என் அலுவலகத்துக்கும் செய்தி வந்தது. நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி எஸ்டேட் கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கேட் பூட்டியிருந்தது.

தொரை வெளியூர் போனால் கேட்டைப் பூட்டி வைப்பது எஸ்டேட் வழக்கம். மிளகு திருட்டுப் போகிறது என்று ஏற்படுத்தியது. ஆட்கள் நடந்து போக ஓரத்தில் சந்து உண்டு. வண்டி எதுவானாலும் தொரை உத்தரவு வேண்டும். சாவி பட்லரிடம் இருக்கும். அப்பா உள்பக்கம் நின்றிருந்தார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. மேலே புகை தெரிந்தது. அங்கேதான் என் அம்மா குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"திறங்கப்பா" என்று கெஞ்சினேன்.

"ஒண்டிக்கடையிலிருந்து மெட்ராசுக்கு டிரங்கால் போட்டிருக்குது கண்ணு. தொரைகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்பிடித் திறக்கறது?" என்றார். அவர் முகத்தில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். வாழ்நாளில் அந்தக் கேட்டை உத்தரவில்லாமல் ஒரு தடவைகூடத் திறந்தவரில்லை. வண்டியின் தலைமை ஆளிடம் கோடரி இருந்தது. பெரிய இடத்துப் பூட்டை உடைக்க அவருக்கும் தைரியம் வரவில்லை. அங்கிருந்து லைன் வரைக்கும் ஓஸ் குழாய் எட்டாது. ஆளாளுக்குப் பயந்துகொண்டு ஒரு பூட்டைச் சுற்றி நின்றோம். கடைசியில் டிரைவர் பொறுமை இழந்து, கேட்டை இடித்துக்கொண்டு போகிறேன் என்று வண்டியைப் பின்னால் எடுத்தார். அப்போதுதான் அப்பா திறந்தார். வெளியூர் போன் இணைப்பான அந்த டிரங்கால் அன்று கிடைக்கவே இல்லை.

உயிர்ச் சேதம் இல்லை. இரண்டு வீடுகள் முழுதாகப் போயின. அதில் ஒன்று எங்களுக்கு அடுத்த வீட்டு அக்காவுடையது. கட்டியிருந்த சேலையைத் தவிர அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் கருகியதோடு நின்றுவிட்டது. தொரை திரும்பி வந்ததும், வண்டி வந்த உடனே கேட்டைத் திறந்தாயிற்று என்று அப்பா சொன்னார். எரிந்த கூரைகளுக்கு மறுபடி புல்லே வேய்ந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குச் சேலத்திலிருந்து தீயணைப்பு அதிகாரி வரைபடம் ஒன்றைக் கொண்டு வந்தார். அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். பழைய கதை அவருக்குத் தெரியாது. வண்டி நுழைய எங்கெங்கே தடங்கல் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒண்டிக்கடை வியாபாரி, கடைக்காரர்கள் ரோட்டு வரைக்கும் பந்தல் இழுத்துவிடுகிறார்கள் என்று தன் கடையை விட்டுவிட்டு மற்றவர் கடைகளைச் சொன்னார். செம்மநத்தம் விவசாயி, "எங்கூருக்கு பஸ்ஸே திரும்பாதுங்க, அத்தாப்பெரிய வண்டி எங்கீங்க திரும்பறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தொரையின் முறை வந்தது. "எங்க எஸ்டேட்டுல தடங்கல் எதுவும் இல்லை. போன வருசம் தீப்பிடிச்சப்பகூட வண்டி வந்தவுடனே கேட்டைத் திறந்தாச்சு" என்றவர், தலையைத் திருப்பாமலே, "என்னப்பா?" என்றார்.

அப்பா தட்டோடு நின்றிருந்தார். "உடனே திறந்துட்டனுங்க தொரை."

அதிகாரியின் பென்சில் எங்கள் எஸ்டேட்டைத் தாண்டிப் போகப் பார்த்தது. தடங்கல் இல்லை என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது. அடுத்த கோடையிலும் அந்தக் கேட் பூட்டியிருக்கும், அந்தப் புல் கூரைக்குக் கீழேதான் என் அம்மா தூங்குவாள். பேசினால், அத்தனை பேர் முன்னால் அப்பா பொய்யர். கூட்டம் முடிந்த பிறகு அதிகாரியைத் தனியாகப் பிடித்துச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். தொரையின் கேட்டைப் பற்றித் தொரை இல்லாத இடத்தில் அவர் என்ன செய்துவிட முடியும்?

"கேட் பூட்டியிருந்ததுங்க" என்றேன். "வண்டி வெளிய நின்னு ஹாரன் அடிச்சுட்டே இருந்துச்சு. நானும் அங்கதான் நின்னேன். டிரைவர் இடிக்கப் போனதுக்கு அப்புறந்தான் திறந்தாங்க."

தொரை நெற்றியைச் சுருக்கினார். "சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"பட்லர்கிட்ட" என்றேன்.

அப்பா என்று சொல்லவில்லை. கூட்டத்தில் பேசுகிற முறையில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் வாய் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. முறை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'எஸ்டேட் உத்தியோகம்' என்று சொன்ன அதே வாய்தான் அது. 

தொரை என்னையே பார்த்தார். "இதை எஞ்சினியராச் சொல்றீங்களா? இல்லே, உங்கப்பன் மேல ஏதோ கோவத்துல சொல்றியா?"

ஒரே மூச்சில் சோபாவிலிருந்து லைனுக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் காது சுட்டது. "வண்டி உள்ள போகலைங்கறதச் சொல்றனுங்க" என்றேன். 

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "மேடம் சொல்றது நெசந்தானுங்க தொரை. உங்களைக் கேக்காமத் திறக்கலீங்க" என்றார்.

தொரை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேஜையில் இரண்டு முறை விரலால் தட்டினார். பிறகு அதிகாரியிடம், "சரி, அந்தப் பூட்டை எடுத்துடறோம். எழுதிக்குங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் அப்பா இடுப்பில் சுமந்ததை, இரண்டு வீடு எரியக் காத்திருந்ததை, அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றைக்கு டிரங்கால் கிடைத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அது அப்பாவுக்கும் அந்த நிமிடம் புரிந்திருக்கும்.

அடுத்தபடியாகத் தொட்டியைப் பற்றிப் பேச்சுப் போயிற்று. அப்பா இரண்டாவது முறை காபி கொண்டு வந்தார். எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே எனக்கும் குனிந்து கொடுத்தார். சாசரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வாங்கிய நான்தான் சிந்தினேன். அப்பா உடனே தோளில் இருந்த துணியால் அதைத் துடைத்துவிட்டு, "பரவால்லீங்க மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் லைனுக்குப் போனேன். எப்போதும் அப்பாவும் நானும் ஒன்றாக நடந்து போவோம். அன்று அவர் முதல் ஆராதனைக்கே வந்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் அம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அப்பா பங்களாவில் விருந்தாளி என்று கிளம்பிவிட்டார். இருந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது.

சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோது அடுத்த வீட்டு அக்கா நின்றிருந்தாள். வீடு எரிந்து போனவள். பூட்டை எடுத்ததற்கு அவளாவது சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் உள்ளுக்குள் ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏங்கண்ணு, அப்பனைக் காட்டிக் குடுத்துட்டியாமா?" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவள் விடவில்லை.

"எரிஞ்சது என்ற ஊடு. கணக்கு எழுதற எஸ்டேட் ரைட்டரு வந்து கேட்டப்ப, உடனே திறந்தாங்கன்னுதான் நானே சொன்னேன். லைன்ல ஒரு வாய் மாத்திப் பேசலை. நம்மாளு ஒருத்தரை எப்பிடிப் பங்களாவுல போயிச் சொல்றது? அவரு என்னமோ பயந்துட்டாரு. அன்னைக்கிருந்து என்ற மொகத்தைப் பார்த்து அவரு பேசறதில்லை. அதுவே போதாதா?"

எனக்கு இது தெரியாது. லைனில் அத்தனை பேரும் ஒரு வருடமாக அந்தப் பொய்யை அப்பாவுக்காகச் சுமந்துகொண்டிருந்தார்கள். வீட்டைப் பறிகொடுத்தவள் உட்பட. லைன் விஷயம் பங்களாவுக்குப் போகாது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்ததுதான். சோபாவில் உட்கார்ந்தபோது மறந்திருந்தேன்.

"பூட்டை எடுத்துட்டாங்க இல்லீங்களாக்கா?" என்றேன்.

"எடுத்தாங்க. நல்லதுதான். ஆரு இல்லேன்னா? அதை வேற மாதிரிச் சொல்லியிருக்கோணும்."

"எப்பிடிங்க சொல்றது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அது எனக்கென்ன தெரியும் சாமி? நீதானே படிச்சவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு மாதிரி எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று நானும் பல வருடம் யோசித்திருக்கிறேன். 'கேட் பூட்டியே இருக்கக் கூடாது' என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். தொரை மறுபடி அப்பாவைத்தான் கேட்டிருப்பார். 'நாங்கள் எல்லோருமே பயந்தோம்' என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அந்த இடத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. எந்த வழியாகப் போனாலும் 'பட்லர்கிட்ட' என்ற அந்தச் சொல்லுக்கு மட்டும் அவசியமே இருந்ததில்லை. அதில்தான் வந்து நிற்கிறேன்.

குழு எழுதிக் கொடுத்ததில் பாதி காகிதத்தோடு போயிற்று. பூட்டு மட்டும் அந்த வாரமே போயிற்று. அப்பா அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. கோபமாகவும் இல்லை. கண்ணு என்றுதான் கூப்பிட்டார், சளி பிடித்தால் மிளகுக் கஷாயம் போட்டு அனுப்பினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நல்ல பட்லர், விருந்தாளி சங்கடப்படும்படி விடமாட்டார்.

அடுத்த கோடையில் லைனில் மறுபடி தீப்பிடித்தது. இந்த முறை கடைசி வீட்டில். சேலத்திலிருந்து வண்டி வழக்கம் போலத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே உள்ளே போயிற்று. ஒரு கூரையின் பாதி போனதோடு நின்றது. குழந்தைகள் ஓஸிலிருந்து ஒழுகிய தண்ணீரில் குதித்தார்கள். அடுத்த வீட்டு அக்கா தீயணைப்பு ஆட்களுக்கு மோர் கொடுத்தாள்.

வண்டி திரும்பும்போது நான் கேட் பக்கம் நடந்து போனேன். அப்பா வெள்ளைக் கோட்டோடு அங்கே நின்றிருந்தார். திறந்தே கிடக்கிற கேட்டை, காற்றுக்கு மூடிக்கொண்டுவிடுமோ என்பது போல ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருந்த டிரைவர் அவர் அருகில் வேகத்தைக் குறைத்து, "கேட்டு திறந்திருந்தது நல்லதாப் போச்சுங்க பெரியவரே" என்றார்.

அப்பா கேட்டை விட்டுவிட்டுக் கைகூப்பினார். "போன தடவை பூட்டி வெச்சிருந்தவன் நான்தானுங்க" என்றார்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று சிரித்துவிட்டு, பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "யாருங்க இவரு?" என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். நான் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பதில் சொல்வதற்குள், என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, "நான் இங்க பட்லருங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.